பழைய வீடியோ கேப்சர் கருவிக்கு மறுவாழ்வு

வி.எச்.எஸ். கேசட்டில் உள்ள படத்தைக் கணினிக்கு மாற்றுவதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய யூ.எஸ்.பி. கேப்சர் கருவிகள் இன்றும் பலருடைய மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன. இப்போதைய கணினியில் அவற்றைச் செருகினால் கருவியின் விளக்கு எரியும். ஏதோ ஒன்று செருகப்பட்டதென்று கணினியும் ஒலி எழுப்பும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. கூடவே வந்த குறுந்தகட்டிலுள்ள மென்பொருளை நிறுவ முயன்றால் பிழைச் செய்தி வரும், அல்லது நிறுவல் முடிந்த பிறகும் திரை கறுப்பாகவே இருக்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில் கருவி பழுதாகிவிட்டதாக முடிவுகட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். என்னிடம் இருந்த கருவியும் இதே நிலையில்தான் இருந்தது. அதை மீண்டும் இயக்கி, எங்கள் குடும்பத்தின் பழைய கேசட்டுகளை இப்போது அதன் வழியாகவே மாற்றி வருகிறேன். இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி இதுதான்: கருவிக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்கள் எளிதில் கெடுவதில்லை. கருவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நிற்கும் டிரைவர் மென்பொருள்தான் காலாவதியாகிறது. அதற்கு மாற்று கிடைத்துவிட்டால் கருவி முன்பு போலவே வேலை செய்யும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புதிதாக ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், புதிய கருவிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் சில, கேசட்டிலிருந்து வரும் படத்தைத் தாங்களே மாற்றியமைத்த பிறகுதான் கணினிக்குத் தருகின்றன. ஒரு ஃபிரேமில் (முழுப் படத்தில்) அடங்கிய இரண்டு ஃபீல்டுகளையும் (ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாலான அரைப்படங்களை) கலந்து ஒன்றாக்கி, எம்.ஜே.பி.ஈ.ஜி. என்ற முறையில் தரம் இழக்கச் சுருக்கி அனுப்புகின்றன. இந்தியா உட்படப் பல நாடுகளின் அனலாக் டிவி முறையான 'பால்' (PAL) முறையில் ஒரு நொடிக்கு 25 ஃபிரேம்கள், அதாவது 50 ஃபீல்டுகள் உண்டு. அந்த ஐம்பதும் நேரத்தில் ஐம்பது வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவை. பழைய டிவியில் ஓடும் குழந்தையின் அசைவு அத்தனை இயல்பாகத் தெரிந்ததற்கு அவையே காரணம். ஒருமுறை கலந்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அவற்றை முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. 2000களில் வந்த யூ.எஸ்.பி. 2.0 கருவிகளில் பலவோ, ஃபீல்டுகளைத் தொடாமல், படத்தைச் சுருக்காமல், 4:2:2 என்ற நிற அளவில் அப்படியே கணினியிடம் ஒப்படைத்தன. கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. கேசட்டுகளும் ஆண்டுக்கு ஆண்டு நைந்துகொண்டே வருகின்றன. இன்னொரு முறை ஓட்ட முடியுமா என்று தெரியாத ஒரு நாடாவை ஓட்டும்போது, அதிலிருந்து வருவதைக் குறையாமல் வாங்கிக்கொள்ளும் கருவிதான் வேண்டும். பழைய கருவிக்காக நான் நேரம் செலவிட்டதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை மறந்துவிடுவது. அந்தக் காலத்தில் ஒரே சிப் பல நிறுவனங்களின் பெயரில் விற்கப்பட்டது. அதைவிடக் குழப்பமாக, ஒரே பெயரும் ஒரே வடிவமும் கொண்ட கருவிக்குள் வெவ்வேறு சிப்புகள் வைக்கப்பட்டன. 'ஈஸிகேப்' என்ற பெயரில் வந்த கருவிகள் இதற்குப் பேர்போனவை. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே குறைந்தது நான்கு வகைகள் உண்டு. ஆகவே பெயரை வைத்து இணையத்தில் டிரைவர் தேடினால், வேறொரு சிப்புக்கான டிரைவரே கைக்கு வரும். அது நிறுவப்படும், கருவியை அறியாது, நம் பொழுது வீணாகும்.

சிப்பை அறிய எளிய வழி உண்டு. ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் செருகப்பட்டவுடன் இரண்டு எண்களைக் கணினியிடம் சொல்கிறது. ஒன்று தயாரிப்பாளர் எண், மற்றொன்று பொருள் எண். இரண்டும் பதினாறடிமான முறையில் (0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும்) நான்கு இலக்கங்கள் கொண்டவை. டிரைவர் இல்லாவிட்டாலும் இவை தெரியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும் கருவியின் பண்புகளில் 'விவரங்கள்' பகுதிக்குப் போய், 'ஹார்டுவேர் ஐடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வி.ஐ.டி., பி.ஐ.டி. என்ற எழுத்துகளை அடுத்து அந்த எண்கள் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் எல்.எஸ்.யூ.எஸ்.பி. (lsusb) என்ற கட்டளை ஒரே வரியில் அவற்றைக் காட்டிவிடும். ஈபி1ஏ என்று தொடங்கினால் அது எம்பியா நிறுவனத்தின் சிப். 05ஈ1:0408 என்றால் சின்டெக்கின் எஸ்.டி.கே. 1160. 1பி71:3002 என்றால் யூ.டி.வி. 007. 1சி88 என்று தொடங்கினால் சோமேஜிக். கேசட் மாற்றும் வேலைக்கு வாங்கிய சிறிய யூ.எஸ்.பி. கருவிகளில் பெரும்பங்கு இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

என்னுடைய கருவி ஈபி1ஏ:2860 என்று காட்டியது. எண் மட்டும் போதுமென்றாலும், உள்ளே பார்த்துவிடுவது நல்லதென்று பிளாஸ்டிக் ஓட்டின் இரு பாதிகளையும் நகத்தால் நெம்பித் திறந்து, பலகையை விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் படித்தேன். நடுவில் பெரிய சதுரச் சிப்பின் மேல் ஈ.எம். 2860; அதற்குப் பக்கத்தில் சற்றுச் சிறிய ஒன்றின் மேல் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் எஸ்.ஏ.ஏ. 7113, ஓரத்தில், ஒலிக்கென்று மூன்றாவதாக ஒரு பொடிச் சிப். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும். மஞ்சள் கம்பியில் வரும் அனலாக் சிக்னலை எண்களாக மாற்றுவது எஸ்.ஏ.ஏ. 7113, அதை டிகோடர் என்பார்கள். அந்த எண்களை யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குக் கடத்துவது ஈ.எம். 2860, அதைப் பாலம் என்பார்கள். டிரைவர் முதலில் பேசுவது பாலத்தோடுதான். பாலம் வழியாக அது டிகோடருக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். பாலத்தை அறிந்து டிகோடரை அறியாத டிரைவர் கிடைத்தால், கருவி 'இயங்குகிறது' என்று கணினி சொல்லும், படம் மட்டும் வராது.

இனி விண்டோஸ் பக்கம். இந்தக் கருவிகளின் டிரைவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 32 பிட்டுக்கென்று எழுதப்பட்டவை. 32 பிட் பயன்பாடுகள் 64 பிட் விண்டோஸில் ஓடும். 32 பிட் டிரைவர்கள் ஓடாது, இதற்குக் குறுக்குவழியும் இல்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. கருவிக்கு 64 பிட் டிரைவர் இருந்தாலும், 64 பிட் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஏறும் டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து புதிய டிரைவர்களுக்கு அந்த விதி மேலும் இறுகியது. அத்தோடு 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு, பழைய பாணியில் எழுதப்பட்ட டிரைவர்கள் சிலவற்றை ஏற்ற மறுக்கும். இந்தப் பாதுகாப்புகளை அணைத்துவிட்டு டிரைவரை நிறுவும்படி சொல்லும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். அன்றாடம் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் பார்க்கும் கணினியில் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு கேசட்டைக் காப்பாற்றுவதற்காகக் கர்னலின் வாசலைத் திறந்துவைப்பது தகாது. டிரைவர்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களில் பல, கேட்காத மென்பொருளையும் சேர்த்தே தருகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உற்பத்தியாளரின் பழைய பக்கம் இணைய ஆவணக்காப்பகத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், கோப்பும் சில நேரம் அங்கேயே கிடைக்கும். தேடுவதானால் முதலில் அங்கே தேடுங்கள்.

பழைய மடிக்கணினி ஒன்று கைவசம் உள்ளவர்களுக்கு வேறு வழி உண்டு. அதில் கருவிக்கு உரிய காலத்து விண்டோஸை நிறுவி, இணையத்தோடு இணைக்காமல், கேப்சர் வேலைக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் விடாமல் இருப்பது முக்கியம். முடிந்த கோப்புகளை வெளி வட்டில் எடுத்துக்கொண்டால் போதும். மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பியை ஓட்டி அதற்குள் கருவியை இணைக்கும் வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தட்டச்சுப் பலகைக்கும் பென் டிரைவுக்கும் அது பொருந்தும், நொடி தவறாமல் தரவு பாய வேண்டிய வீடியோவுக்குப் பொருந்துவதில்லை. படம் வரும், விட்டுவிட்டு வரும்.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ். உற்பத்தியாளர்கள் கைவிட்ட சிப்புகளுக்கு லினக்ஸ் கர்னலிலேயே டிரைவர்கள் இருக்கின்றன. தனியாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. எம்பியா சிப்புகளுக்கு ஈ.எம்.28எக்ஸ்.எக்ஸ்., சின்டெக்குக்கு எஸ்.டி.கே. 1160, யூ.டி.வி. 007க்கு யூ.எஸ்.பி.டி.வி. என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாட்யூல்கள், அதாவது கர்னலோடு சேரும் டிரைவர் துண்டுகள். சோமேஜிக் சிப்புக்குத்தான் கொஞ்சம் சிரமம். கருவி தன் ஃபர்ம்வேரை (தன்னை இயக்கும் உள் மென்பொருளை) தனக்குள் வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்து ஏற்ற வேண்டும், அந்த ஃபர்ம்வேரைப் பழைய விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மற்ற மூன்றும் பெரும்பாலும் செருகியவுடன் எழுந்துவிடும். கணினியில் லினக்ஸை நிறுவ விரும்பாதவர்கள் பென் டிரைவிலிருந்து தொடங்கும் வடிவத்தைப் பயன்படுத்தலாம்; வட்டில் எதையும் தொடாமலே கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம்.

என் கருவி செருகியவுடன் எழவில்லை. கர்னலின் செய்திப் பதிவைத் திறந்து பார்த்தபோது, இந்தப் பலகைக்கென்று தனித்த யூ.எஸ்.பி. எண் இல்லை என்ற வரி இருந்தது. அதன் பொருள் இதுதான்: பல நிறுவனங்கள் எம்பியாவின் சிப்பை வாங்கித் தங்கள் பலகையில் பொருத்தியபோது, தங்களுக்கென்று ஓர் எண்ணை எழுதாமல் சிப்போடு வந்த பொது எண்ணையே விட்டுவிட்டன. டிரைவருக்குப் பாலம் எது என்று தெரிகிறது; பாலத்துக்குப் பின்னால் எந்த டிகோடர், ஒலி எந்த வழியில் வருகிறது என்பது தெரியவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பலகையிலுள்ள சிறு நினைவகத்தைப் படித்து டிரைவர் ஊகிக்கப் பார்க்கும். ஊகம் பலிக்காவிட்டால் தனக்குத் தெரிந்த பலகைகள் அனைத்தையும் எண்ணிட்ட பட்டியலாகச் செய்திப் பதிவில் கொட்டிவிட்டு நின்றுவிடும். பலகையைத் திறந்து படித்தது இங்கேதான் கைகொடுத்தது. ஈ.எம். 2860உம் எஸ்.ஏ.ஏ. 711எக்ஸ் வரிசை டிகோடரும் சேர்ந்த மாதிரி வடிவமைப்பு அந்தப் பட்டியலில் 19ஆம் எண்ணாக இருக்கிறது. மாட்யூலை ஏற்றும்போது 'கார்டு 19' என்று குறிப்பிட்டவுடன் டிகோடர் அடையாளம் காணப்பட்டது, வீடியோ சாதனமும் ஒலிச் சாதனமும் தனித்தனியாகத் தோன்றின. மாட்யூல் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை எழுதிவைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. பழைய பி.சி.ஐ. டிவி கார்டுகளுக்கும் இதே முறைதான். புரூக்ட்ரீ பி.டி. 878 சிப்புக்கான பி.டி.டி.வி. டிரைவரிலும், ஃபிலிப்ஸ் எஸ்.ஏ.ஏ. 7134க்கான டிரைவரிலும் இப்படி எண்ணிட்ட நீண்ட பட்டியல்கள் உள்ளன. கர்னலின் ஆவணங்களிலேயே அவற்றைப் படிக்கலாம்.

அடுத்து வந்தது, பலரையும் தவறான திசையில் அனுப்பும் ஒரு செய்தி. கேப்சரைத் தொடங்கியதும் 'சாதனத்தில் இடமில்லை' என்ற பொருள்படும் பிழை வந்தது. யாருக்கும் முதலில் வட்டு நிரம்பிவிட்டதாகத்தான் தோன்றும். வட்டிலோ நூற்றுக்கணக்கான ஜிகாபைட் காலியாக இருந்தது. இங்கே இடமில்லை என்று கர்னல் சொல்வது யூ.எஸ்.பி. பாதையைப் பற்றி. பால் படம் ஒன்று 720க்கு 576 புள்ளிகள். 4:2:2 அளவில் ஒரு புள்ளிக்கு இரண்டு பைட். நொடிக்கு 25 ஃபிரேம். பெருக்கினால் நொடிக்கு 2,07,36,000 பைட், ஏறத்தாழ 166 மெகாபிட். யூ.எஸ்.பி. 2.0இன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். இதில் வீடியோ 'ஐசோக்ரோனஸ்' என்ற முறையில் போகிறது. ரயிலில் முன்பதிவு செய்வதைப் போல, தனக்கு வேண்டிய அளவைக் கருவி முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது. அதே பாதையில் வெப்கேமராவும் ஒலிக் கருவியும் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தால் புதிதாக வந்தவருக்கு இடமில்லை. மடிக்கணினிகளில் உள்ளமைந்த வெப்கேமராவே கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பாதையில் இருக்கும். அதைப் பயன்படுத்தும் மென்பொருளை மூடிவிட்டு, கருவியை வேறொரு துளைக்கு மாற்றியதும் பிழை மறைந்தது. 12 மெகாபிட் மட்டுமே கொண்ட யூ.எஸ்.பி. 1.1 காலத்துக் கருவிகள் ஏன் சின்னப் படத்தை மட்டுமே தந்தன, அல்லது சுருக்கி அனுப்பின என்பதும் இந்தக் கணக்கைப் போட்டால் விளங்கும். இன்னொன்று: நீல நிற யூ.எஸ்.பி. 3 துளைகளில் சில பழைய கருவிகள் முரண்டு பிடிப்பதுண்டு. யூ.எஸ்.பி. 2.0 துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாவிட்டால் நடுவே ஒரு யூ.எஸ்.பி. 2.0 ஹப் வைத்துப் பாருங்கள்.

படம் வரத் தொடங்கியபோது கறுப்பு வெள்ளையில், மேலும் கீழுமாக உருண்டபடி வந்தது. இது பழுது இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் கருவியை மூடிவைக்கிறார்கள். டிகோடர் அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்.டி.எஸ்.சி. முறையை எதிர்பார்க்கிறது, வி.சி.ஆர். பால் முறையில் தருகிறது, அவ்வளவுதான். என்.டி.எஸ்.சி. 525 கோடுகள், பால் 625 கோடுகள்; நிறத்தைச் சுமக்கும் துணை அலையும் என்.டி.எஸ்.சி.யில் 3.58 மெகாஹெர்ட்ஸ், பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ். கோடுகள் பொருந்தாததால் படம் உருள்கிறது, துணை அலை பொருந்தாததால் நிறம் போகிறது. அமைப்பில் பால் என்று மாற்றியதும் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாயின. பட்டியலில் பால்-பி, பால்-ஜி, பால்-ஐ என்றெல்லாம் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஒளிபரப்பு ஒலியையும் அலைவரிசை அகலத்தையும் பற்றியது, கம்பி வழியே நேராக வரும் படத்துக்கு எதுவானாலும் ஒன்றே. பால்-எம்மும் பால்-என்னும் மட்டும் உண்மையிலேயே வேறு. முறை சரியாக இருந்தும் படம் நிறமில்லாமல் வந்தால் உள்ளீட்டைப் பாருங்கள்: மஞ்சள் கம்பியைச் செருகிவிட்டு மென்பொருளில் எஸ்-வீடியோ என்று தேர்ந்தெடுத்திருந்தால் அப்படித்தான் வரும். வி.சி.ஆரில் எஸ்-வீடியோ துளை இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது; ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வருவதால் விளிம்புகளில் ஊரும் புள்ளிகள் குறையும். சாதாரண வி.எச்.எஸ். வி.சி.ஆர்களில் பெரும்பாலும் அந்தத் துளை இருக்காது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் வந்த மகிழ்ச்சியில் ஒலியைச் சோதிக்காமலே முழுக் கேசட்டையும் ஓட்டிவிடுவது எளிது. இந்தக் கருவிகள் படத்துக்கு ஒரு சாதனமாகவும் ஒலிக்கு ஒரு சாதனமாகவும் கணினிக்குத் தெரியும். கேப்சர் மென்பொருளில் இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10லும் 11லும் கருவியின் ஒலி மைக்ரோஃபோனாகக் கருதப்படுவதால், தனியுரிமை அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஓசையே வராது. வீடியோவுக்கும் இதே போலக் கேமரா அனுமதி வேண்டும். ஒலியைக் கருவியிலே எடுக்காமல் கணினியின் லைன்-இன் துளையில் எடுப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வீடியோவும் ஒலியும் வெவ்வேறு கடிகாரங்களைப் பின்பற்றும். அவற்றுக்குள் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தின் முடிவில் உதட்டசைவும் குரலும் 0.18 நொடி விலகியிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியும். இயன்றவரை ஒலியையும் கருவி வழியாகவே எடுங்கள், நீண்ட பதிவின் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். தொடக்கம் சரியாக இருப்பதை வைத்து முடிவும் சரியாக இருக்கும் என்று எண்ண முடியாது.

ஒளி அளவுகளைச் சரிசெய்வதில் நான் நெடுநேரம் செலவிட்டேன். அதை யாரும் தவிர்க்கக் கூடாது என்றே சொல்வேன். டிஜிட்டல் வீடியோவில் கறுப்புக்கு 16 என்றும் வெள்ளைக்கு 235 என்றும் அளவு உண்டு. டிகோடரின் தொடக்க அமைப்பு பல கேசட்டுகளுக்கு மிகுதியான கான்ட்ராஸ்ட்டைத் தரும். திருமண வீடியோவில் வெள்ளைச் சேலையின் மடிப்புகள் ஒரே வெளுப்பாகத் தெரிந்தால், நாடாவில் அந்த மடிப்புகள் இல்லையென்று பொருளில்லை. டிகோடர் அவற்றை வெட்டிவிட்டது. வெட்டப்பட்டதைப் பின்னால் மென்பொருளில் ஒளியைக் குறைத்து மீட்க முடியாது. விர்ச்சுவல்டப் மென்பொருளில் கேப்சரின்போதே ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) காட்டும் வசதி இருக்கிறது, லினக்ஸில் எஃப்.எஃப்.எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் அலைவடிவ வடிகட்டியில் அதையே பார்க்கலாம். கேசட்டின் மிக வெளிச்சமான காட்சியையும் மிக இருண்ட காட்சியையும் ஓட்டிப் பார்த்து, டிகோடரின் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் குறைத்து, வளைவு இரு முனைகளிலும் சுவரில் முட்டாமல் இருக்குமாறு வைத்துக்கொள்ள வேண்டும். படம் சற்று மங்கலாகத் தெரியும். மங்கலைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

சேமிக்கும்போது இழப்பில்லாத கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) ஒன்றைப் பயன்படுத்துகிறேன். சுருக்காமல் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் ஆகும். ஹஃப்ஒய்யூவி போன்ற கோடெக் அதை 30 முதல் 40 ஜிகாபைட் அளவுக்குக் குறைக்கும், ஒரு புள்ளியும் இழக்காமல். எஃப்.எஃப்.வி.1 இன்னும் கொஞ்சம் குறைக்கும்; அது 2021இல் ஆர்.எஃப்.சி. 9043 என்று பொது ஆவணமாகவும் வெளியிடப்பட்டிருப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் திறந்து படிக்கக்கூடிய வடிவம் என்று நம்பலாம். வெளி வட்டு ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது, சில நிமிடங்களில் பதிவு நின்றுவிடும், முன்பே மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். கேப்சரின்போது டிஇன்டர்லேஸ் செய்யும், அதாவது ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக மாற்றும் வசதியை மென்பொருள் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். அடி விளிம்பில் சில கோடுகள் கிழிந்ததுபோல் நெளிவது, வி.சி.ஆர். நாடாவைப் படிக்கும் ஒரு தலையிலிருந்து (ஹெட்) மற்றொன்றுக்கு மாறும் இடம், எல்லா வி.எச்.எஸ். நாடாவிலும் அது உண்டு, பழைய டிவிகளில் திரைக்கு வெளியே மறைந்திருந்தது. அதையும் மூலப் பதிவில் வெட்டுவதில்லை.

தவறிய ஃபிரேம்கள் என்ற எண்ணிக்கையில் எப்போதும் கண் இருக்க வேண்டும். புதிய நாடாவோ டிவிடி இயக்கியோ தரும் சிக்னலில் இது பூஜ்யமாக இருந்து, பழைய நாடாவில் மட்டும் ஏறினால், குற்றம் கணினியிடம் இல்லை. நாடா நீண்டு சுருங்குவதாலும் ஓட்டும் வேகம் சிறிது தடுமாறுவதாலும் கோடுகள் சரியான நேரத்தில் வருவதில்லை. டிகோடர் பிடியை இழந்து ஃபிரேமைக் கைவிடுகிறது. டைம் பேஸ் கரெக்டர் என்ற தனிக்கருவி இதற்கென்றே உள்ளது. அது கிடைக்காதவர்கள், உள்ளீட்டுத் துளைகள் கொண்ட டிவிடி ரெக்கார்டர் ஒன்றின் வழியாக சிக்னலைச் செலுத்திப் பார்க்கலாம். சில மாடல்கள் உள்ளே வரும் படத்தை நினைவகத்தில் வாங்கி, நேரம் ஒழுங்குபடுத்தி வெளியே விடுகின்றன. வட்டில் எதையும் பதிய வேண்டியதில்லை, இடையில் நின்றால் போதும். இரண்டு வகை நாடாவிலும் ஃபிரேம் தவறினால் மட்டுமே யூ.எஸ்.பி. மின்சேமிப்பையும் பின்னணியில் ஓடும் மென்பொருள்களையும் சந்தேகிக்க வேண்டும்.

டிஜிட்டல் வீடியோ (DV) கேசட்டுகள், அதாவது மினிடிவி (MiniDV) நாடாக்கள் வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அவற்றில் படம் ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியே அப்படியே நகலெடுக்க வேண்டும், மஞ்சள் கம்பி வழியாக எடுத்தால் வீணாக ஒருமுறை தரம் குறையும். 2025இல் வந்த மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டுவிட்டதால், பழைய மேக் கணினி வைத்திருப்பவர்கள் அந்த வேலையை முடிக்கும் வரை அதைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பது நல்லது.

பதிவு முடிந்த பிறகு பார்ப்பதற்கென்று ஒரு நகல் தயாரிக்கிறேன். எஃப்.எஃப்.எம்பெக்கின் பி.டபிள்யூ.டிஃப் வடிகட்டியில் ஐம்பது ஃபீல்டுகளையும் நொடிக்கு ஐம்பது முழு ஃபிரேம்களாக விரித்து, 720க்கு 576 என்பதை 768க்கு 576 ஆக்கினால் 4:3 விகிதம் சரியாக வரும். இல்லாவிட்டால் எல்லாரும் சற்று ஒல்லியாகத் தெரிவார்கள். ஃபீல்டு வரிசையை மட்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். இத்தகைய கருவிகளில் பால் படம் வழக்கமாக மேல் ஃபீல்டு முதலில் என்று வரும், மினிடிவி நாடாவின் டிஜிட்டல் வடிவத்தில் (DV) கீழ் ஃபீல்டு முதலில். தலைகீழாகக் கொடுத்துவிட்டால், நடப்பவர் ஒவ்வோர் அடிக்கும் சிறிது பின்னுக்குப் போய் முன்னுக்கு வருவதுபோல் படம் அதிரும். மூலப் பதிவை அழிப்பதில்லை, கருவியின் யூ.எஸ்.பி. எண், கார்டு எண், டிகோடரின் பிரைட்னஸ் கான்ட்ராஸ்ட் அளவுகள், பயன்படுத்திய கர்னல் பதிப்பு ஆகியவற்றை ஓர் எளிய உரைக் கோப்பில் எழுதி, அதை மூலப் பதிவு இருக்கும் அடைவிலேயே போட்டுவைக்கிறேன். அடுத்த கேசட்டை எடுக்கும்போது அந்தக் கோப்பைத் திறந்தால் போதும், எதையும் மீண்டும் தேட வேண்டியதில்லை.